சயனைடைத் தின்று பிழைக்கும் பாக்டீரியா

மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் மாட்டை விடக்கூடாது. மானாவாரிக் காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் பாடமாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு போன மாடு முழங்கால் உயரப் பயிரையோ, அறுவடைக்குப் பின் துளிர்த்த மறுதாம்பையோ வயிறு நிறைய மேய்ந்துவிட்டால், மூச்சு வாங்கும், தள்ளாடும், கால்நடை மருத்துவர் வந்து சேர்வதற்குள் விழுந்துவிடும். அதே சோளம் பூத்து முற்றிய பிறகு நல்ல தீவனம். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி போடுகிறவர்கள் ஆட்டை அந்தக் காட்டுக்குள் விடாமல் பார்த்துக்கொள்வதும் இதனால்தான். இரண்டு செடியிலும் உள்ளது சயனைடு.

செடி அதைத் திறந்த நிலையில் வைத்திருப்பதில்லை. சர்க்கரையோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறது. சோளத்தில் அந்தப் பூட்டிய பொருளுக்குத் துரின் என்று பெயர், மரவள்ளியில் லினமாரின். சாவி, அதாவது அதைப் பிரிக்கும் நொதி, வேறொரு அறையில் இருக்கும். இலையைக் கடித்துக் கசக்கினால் பூட்டும் சாவியும் ஒன்றாகிவிடும், ஹைட்ரஜன் சயனைடு வெளியே வரும். மாட்டின் இரைப்பையில் இருக்கும் பாக்டீரியாக்களும் இந்தப் பூட்டைத் திறப்பதில் கைகொடுக்கின்றன. கதையில் பாக்டீரியா முதலில் வருவது வில்லனாகத்தான்.

இப்படிச் சயனைடு பூட்டி வைத்திருக்கும் செடியினங்கள் 2,000க்கும் மேல். மூங்கில் குருத்து, ஆளி விதை, கசப்பு பாதாம் எல்லாம் இந்தக் கூட்டம். இவை உதிர்ந்து மட்கும் மண்ணில் சயனைடு காலங்காலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கிறது. அந்த மண்ணில்தான் பாக்டீரியாக்களும் குடியிருக்கின்றன. சயனைடைப் புழங்கும் தங்கச் சுரங்கமும் முலாம் பட்டறையும் நேற்று வந்தவை. சயனைடைச் சமாளிக்கும் வித்தையைப் பாக்டீரியாக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கற்றுவிட்டன. ‘நச்சை உண்ணும் அதிசய நுண்ணுயிர்’ என்று செய்தித் தலைப்பு வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்: அதற்கு அது அதிசயமில்லை, அன்றாடப் பாடு.

சட்டி கைமாறும் வரிசை

சயனைடு என்பது ஒரு கார்பன், ஒரு நைட்ரஜன், இரண்டுக்கும் நடுவே மூன்று பிணைப்பு. அவ்வளவுதான். இவ்வளவு சிறிய பொருள் ஏன் இப்படிக் கொல்கிறது?

வீட்டுக்குத் தளம் போடும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கலவை எந்திரத்திலிருந்து மேல்மாடி வரை ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கான்கிரீட் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும், கடைசி ஆள் வாங்கிக் கொட்டுவார். நம் செல்லுக்குள் மூச்சு நடப்பது ஏறக்குறைய இப்படித்தான். சோற்றிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்கள் ஒரு புரதத்திலிருந்து இன்னொரு புரதத்துக்குக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேரும். போகிற வழியில் அந்த வரிசை உடலுக்கு வேண்டிய ஆற்றலைச் சேமித்துக் கொடுக்கும். கடைசி ஆளின் பெயர் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ். அவர் கையில் ஒரு இரும்பு அணுவும் ஒரு செம்பு அணுவும் எதிரெதிரே இருக்கும், நடுவில் ஆக்சிஜன் வந்து உட்காரும்.

சயனைடு வந்து அந்த இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. கடைசி ஆளின் கை கட்டப்பட்டுவிட்டது. அவர் சட்டியை வாங்கவில்லை என்றால் அவருக்கு முன்னால் நிற்பவர் கொடுக்க முடியாது, அவருக்கு முன்னவரும் முடியாது, எந்திரத்தடியில் நிற்பவர் வரை எல்லாரும் கையில் சட்டியோடு உறைந்து நிற்பார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும். அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. சயனைடு நஞ்சேறியவரின் சிரை ரத்தம்கூடப் பளிச்சென்று சிவப்பாக இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள ஆக்சிஜனைச் செல்கள் எடுத்துக்கொள்ளாததுதான்.

நம்மிடம் கடைசி ஆள் ஒருவர்தான். பல பாக்டீரியாக்கள் மாற்று ஆள் வைத்திருக்கின்றன.

நம் குடலில் குடியிருக்கும் எஸ்செரிச்சியா கோலையையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு வரிசையின் முடிவில் நம்முடையதைப் போல இரும்பும் செம்பும் கொண்ட ஆள் நிற்கிறார். இன்னொரு வரிசையின் முடிவில் சைட்டோகுரோம் பிடி என்ற வேறொருவர். இவரிடம் செம்பு கிடையாது, கையின் அமைப்பே வேறு. சயனைடு இவரையும் தொடும், ஆனால் இறுகப் பிடிக்காது. முதல் ஆளை முடக்கும் அளவைப்போலப் பல மடங்கு சயனைடு வந்தால்தான் இவர் தடுமாறுவார். அப்படியானால் எப்போதும் இவரையே நிறுத்தலாமே? நிறுத்தலாம், கூலி கட்டாது. முதல் ஆள் எலக்ட்ரானை வாங்கும்போதே புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே இறைத்துக் கூடுதல் ஆற்றல் சேர்ப்பார். பிடி அப்படி இறைப்பதில்லை. அதே சோற்றுக்கு ஏறக்குறைய பாதி ஆற்றல்தான் மிஞ்சும். அதனால் நல்ல நாளில் முதல் ஆள், கெட்ட நாளில் பிடி.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நொதி சூடோமோனாஸ் வகைகளில் இருக்கிறது. அதற்குப் பெயரே ‘சயனைடுக்கு அசையாத ஆக்சிடேஸ்’. மருத்துவமனைகளில் புண்களிலும் நுரையீரலிலும் தொற்றும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவிடம் அது உண்டு. இந்தப் பாக்டீரியா ஒருபடி மேலே போய், கிளைசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து சயனைடைத் தானே தயாரிக்கவும் செய்கிறது. ஆய்வகத்தில் சின்னஞ்சிறு உருண்டைப் புழுக்களோடு இதைச் சேர்த்து வைத்தால், புழுக்கள் செத்துப்போகின்றன. கொன்றது சயனைடு என்று காட்டியிருக்கிறார்கள். அடுத்தவன் மூச்சை நிறுத்துகிற புகையைத் தன் வீட்டிலேயே போடுகிறவன், தன் மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளாமல் இருப்பானா?

இரும்புப் பஞ்சம்

மூச்சு பிழைத்தால் மட்டும் போதாது. சயனைடுக்கு உலோகங்கள் மீது, அதிலும் இரும்பின் மீது, தீராத ஆசை. சுற்றியுள்ள நீரில் கரைந்திருக்கும் இரும்பை எல்லாம் அது கட்டிப் போட்டுவிடும். பெரும்பாலான பாக்டீரியாக்கள் இரும்பு இல்லாமல் வாழ முடியாது.

அந்தப் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஆய்வகம் போக வேண்டாம், அடுப்பங்கரை போதும். உப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் கட்டி தட்டாமல் தடுக்கும் பொருள் 536 என்று பொடி எழுத்தில் இருந்தால் அது பொட்டாசியம் ஃபெரோசயனைடு. இரும்பைச் சுற்றி ஆறு சயனைடு. பெயரைப் பார்த்துப் பயந்து உப்பைக் கொட்டிவிட வேண்டாம். இரும்பு அந்த ஆறையும் விடாமல் பிடித்திருப்பதால் அனுமதித்த சிறிய அளவில் அது தீங்கு செய்வதில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கிடைத்த பிரஷ்ய நீலம் என்ற சாயமும் இதே இரும்பு, சயனைடு கூட்டுத்தான். 1782இல் ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீல அந்தச் சாயத்திலிருந்துதான் ஹைட்ரஜன் சயனைடைப் பிரித்தார். சயனைடு என்ற சொல்லின் வேரும் நீலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். உப்புப் பாக்கெட்டின் இந்த இறுக்கத்தை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

பஞ்ச காலத்தில் பாக்டீரியா என்ன செய்கிறது? சிடெரோஃபோர் என்ற கொக்கிகளைச் செய்து வெளியே எறிகிறது. அவை எங்காவது ஒளிந்திருக்கும் இரும்பைக் கொத்திக்கொண்டு திரும்பி வரும். பல பாக்டீரியாக்கள் சாதாரண நாளிலும் கொஞ்சம் செய்கிற வேலைதான். சயனைடு உள்ள இடத்தில் இதில் கெட்டிக்காரத்தனம் இருந்தால்தான் பிழைப்பு.

கோர்தோபா சேற்றிலிருந்து ஒன்று

ஸ்பெயின் நாட்டின் தெற்கே குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் கோர்தோபா நகரம். நகைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். நகைத் தொழில் என்றால் முலாம், முலாம் என்றால் சயனைடு. தங்கத்தையும் வெள்ளியையும் நீரில் கரைத்து வைத்திருக்க அதைப்போல் வசதியான பொருள் குறைவு. நம்மூர் முலாம் பட்டறைகளிலும் தொட்டிக்குள் இருப்பது பொட்டாசியம் தங்கச் சயனைடாகவே பெரும்பாலும் இருக்கும்.

அந்த ஆற்றின் சேற்றிலிருந்து கோர்தோபா பல்கலைக்கழகக் குழுவினர் பிரித்தெடுத்த பாக்டீரியா, சூடோமோனாஸ் சூடோஅல்காலிஜீன்ஸ் சிஇசிடி 5344. வாயில் நுழையாத பெயர். ஆனால் சயனைடு கதையை முழுசாகப் படித்துச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. லிட்டருக்கு 780 மில்லிகிராம் அளவுக்குச் சயனைடு இருந்தாலும் தாங்கும். நம் நாட்டுக் குடிநீர்த் தரம் அனுமதிப்பது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். 15,000 மடங்குக்கும் மேல். இதன் மரபணுத் தொகுதியின் வரைவு 2013இல் வெளியானது.

இதை வளர்ப்பதில் ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. சயனைடு நீரில் இரண்டு வேடம் போடும். நீரின் காரத்தைக் காட்டும் பிஹெச் அளவு 9.2க்குக் கீழே போனால் பெரும்பகுதி ஹைட்ரஜன் சயனைடாக மாறும். அதன் கொதிநிலை 26 டிகிரி செல்சியஸ்தான், சென்னையில் பெரும்பாலான நாட்களில் திறந்து வைத்தாலே ஆவியாகிவிடும். 9.2க்கு மேலே போனால் பெரும்பகுதி அயனியாக நீரிலேயே தங்கும். சாதாரண நீரில் பாக்டீரியாவை வளர்த்தால், சயனைடு காணாமல் போனது பாக்டீரியா தின்றதாலா, காற்றில் பறந்ததாலா என்று சொல்ல முடியாது, வளர்ப்பவர் உயிருக்கும் ஆபத்து. அதனால் சோப்புத் தண்ணீர்போல வழுவழுக்கும் காரநீரில், 9.5க்கு மேல் வைத்து வளர்க்கிறார்கள். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு அந்தக் காரமே ஆகாது. இதற்கு ஆகும்.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதுதான் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

சயனைடு வந்ததும் சயனைடுக்கு அசையாத அந்த ஆக்சிடேஸைப் பாக்டீரியா கூடுதலாகச் செய்கிறது. கடைசி ஆள் தயார். அவருக்குச் சட்டி கொடுக்க வரிசையின் முதலில் ஒருவர் வேண்டுமே? அந்த வேலையைச் செய்யும் நொதிகளில் ஒன்று, மாலேட் என்ற பொருளிலிருந்து எலக்ட்ரானை உருவி வரிசையில் விடுகிறது. எலக்ட்ரானை இழந்த மாலேட், ஆக்சலோஅசிட்டேட் என்ற பொருளாக மாறி மிஞ்சுகிறது.

இந்த மிச்சத்தில்தான் விஷயமே. ஆக்சலோஅசிட்டேட்டில் கீட்டோ தொகுதி என்ற ஒரு முனை இருக்கிறது. கீட்டோவைக் கண்டால் சயனைடு தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். நொதி வேண்டாம், ஆற்றல் செலவும் வேண்டாம், காரநீரில் இரண்டும் சந்தித்தாலே போதும். ஒட்டியதும் கிடைப்பது சயனோஹைட்ரின் என்ற வகைப் பொருள். சயனைடு இப்போது கட்டுப்பட்டுவிட்டது, யாருடைய இரும்பையும் பிடிக்காது.

மரவள்ளியை ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். அதன் லினமாரினில் இருந்து சர்க்கரை கழன்றதும் மிஞ்சுவதும் ஒரு சயனோஹைட்ரின்தான். அது உடைந்து அசிட்டோனாகவும் சயனைடாகவும் பிரிவதால்தான் ஆடு சாகிறது. செடி சயனைடை அவிழ்த்துவிடும் அதே முடிச்சைப் பாக்டீரியா திருப்பிப் போட்டுக் கட்டுகிறது.

கட்டியாகிவிட்டது, இனி தின்ன வேண்டும். நைட்ரிலேஸ் என்ற நொதி வந்து அந்த மூன்று பிணைப்பின் மீது நீரைச் சேர்த்து உடைக்கிறது. நைட்ரஜன் அம்மோனியாவாகக் கழன்று வருகிறது. அம்மோனியா கிடைத்துவிட்டால் பாக்டீரியாவுக்குக் கவலையில்லை, வயலில் போட்ட யூரியா பயிருக்குப் போய்ச் சேர்ந்த மாதிரி. அதிலிருந்து அமினோ அமிலம், அதிலிருந்து புரதம், அதிலிருந்து இன்னொரு பாக்டீரியா. இந்த நைட்ரிலேஸின் மரபணுவைச் சிதைத்துவிட்டால் சயனைடை மட்டும் நைட்ரஜனாக நம்பி இந்தப் பாக்டீரியா வளர முடிவதில்லை.

மூச்சைக் காப்பாற்றும் வரிசையே ஆக்சலோஅசிட்டேட்டைத் தயாரித்துத் தருகிறது. அந்த ஆக்சலோஅசிட்டேட்தான் சயனைடைப் பிடித்துச் சோறாக்குகிறது. சயனைடைத் தாங்குவது ஒரு திறமை, தின்பது இன்னொரு திறமை என்று பாடப்புத்தகம் பிரித்து எழுதும். இந்தப் பாக்டீரியாவிடம் இரண்டையும் பிரித்துக் காட்டுவது கடினம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அது தேடுவது நைட்ரஜனை. கார்பன் உணவை நாம் தனியாகப் போட வேண்டும். சயனைடை மட்டும் வைத்துப் பட்டினி போட்டால் எந்தச் சூரனும் தொட்டியில் வேலை செய்ய மாட்டான்.

மற்ற வழிகள், சுருக்கமாக

எல்லாப் பாக்டீரியாவும் இந்த வழியில் போவதில்லை. பேசில்லஸ் புமிலஸ் போன்றவை சயனைடை நேரடியாக நீரால் உடைத்து ஃபார்மிக் அமிலமும் அம்மோனியாவும் ஆக்குகின்றன. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸின் ஒரு வகை ஆக்சிஜனைச் சேர்த்து உடைக்கிறது. நைட்ரஜனேஸ் உள்ள பாக்டீரியாக்கள், அதாவது காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தரும் இனத்தவை, சயனைடை மீத்தேனாகவும் அம்மோனியாவாகவும் மாற்ற முடியும். காற்று நைட்ரஜனிலும் மூன்று பிணைப்பு, சயனைடிலும் மூன்று பிணைப்பு. நொதி ஆள் மாறாட்டத்தில் இதையும் உடைத்துவிடுகிறது.

இன்னொரு வழி கந்தகம். ரொடனீஸ் என்ற நொதி தயோசல்ஃபேட்டிலிருந்து ஒரு கந்தக அணுவை எடுத்துச் சயனைடின் மீது ஒட்டி, நஞ்சு வெகுவாகக் குறைந்த தயோசயனேட்டாக ஆக்குகிறது. இது நம் கல்லீரலிலும் இருக்கிறது. சமைத்த மரவள்ளியில் மிஞ்சும் சிறு அளவுச் சயனைடை நாம் சமாளிப்பது இதை வைத்துத்தான். மருத்துவமனையில் சயனைடு நஞ்சுக்குச் சோடியம் தயோசல்ஃபேட் ஏற்றுவதும் இந்த நொதிக்குக் கந்தகம் கொடுக்கத்தான். இன்னொரு முறிமருந்து பி12 வைட்டமினின் ஒரு வடிவம். அதிலுள்ள கோபால்ட் சயனைடைப் பிடித்துச் சயனோகோபாலமின் ஆகிவிடும். மாத்திரை அட்டையில் பார்த்த பெயர் அல்லவா? அதேதான்.

தட்டுகள் சுற்றிய ஊர்

இதையெல்லாம் தொழிற்சாலை அளவில் செய்து காட்டிய இடம் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் லீட் என்ற ஊரில் இருந்த ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம். தங்கத்தைச் சயனைடால் கரைத்தெடுக்கும் முறை 1887இல் கிளாஸ்கோவில் பிறந்தது. பிறகு உலகெங்கும் தங்கச் சுரங்கங்கள் அதன்படிதான் நடந்தன. வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயலும் இதில் சேர்த்தி. சுரங்கம் 2001இல் மூடிய பிறகும் ஊருக்குள் நிற்கும் சாம்பல் நிற மண்மேடுகளைச் ‘சயனைடு மலை’ என்றே சொல்கிறார்கள்.

ஹோம்ஸ்டேக்கின் கழிவுநீர் ஒயிட்வுட் என்ற ஓடையில் போய் விழுந்தது. நூறாண்டுக் கழிவில் அந்த ஓடையில் மீன் இல்லாமல் போயிற்று. 1984இல் அங்கே 48 சுழல்தட்டுக் கோவைகள் கொண்ட சுத்திகரிப்பு நிலையம் வேலை தொடங்கியது. பெரிய பிளாஸ்டிக் தட்டுகளை ஒரு அச்சில் நெருக்கமாகக் கோத்து, பாதி நீரில் மூழ்கியபடி மெதுவாகச் சுற்ற விடுவார்கள். மூழ்கும்போது கழிவைத் தொடும், மேலே வரும்போது காற்றைத் தொடும். கொஞ்ச நாளில் தட்டின் மேல் கிணற்றுப் படியில் காலை வழுக்கும் பாசிபோல ஒரு படலம் படியும். அந்தப் படலம்தான் வேலைக்காரக் கூட்டம். பெரும்பாலும் சூடோமோனாஸ் இனம்.

வரிசையின் முன்பக்கத் தட்டுகளில் சயனைடும் தயோசயனேட்டும் உடையும், அம்மோனியா மிஞ்சும். அம்மோனியாவும் மீனுக்கு எமன்தான். அதனால் பின்பக்கத் தட்டுகளில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேறு கூட்டம் இருக்கும். இந்த இரண்டாவது கூட்டம் மெல்ல வளரும், சயனைடுக்கு எளிதில் படுத்துவிடும். அதை முன்னால் வைத்தால் கதை முடிந்தது. குளிரிலும் இவை சோம்பிவிடும், அந்த ஊரிலோ குளிர்காலத்தில் உறைபனி. நல்லவேளையாகச் சுரங்கம் 2,400 மீட்டர் ஆழம். அடியிலிருந்து இறைத்த நீர் பூமியின் சூட்டோடு வெதுவெதுப்பாக வரும். அதைக் கழிவோடு கலந்து விட்டார்கள், தட்டுகள் குளிர்காலத்திலும் வேலை செய்தன. சில ஆண்டுகளில் ஓடைக்கு டிரவுட் மீன் திரும்பியது. சுரங்கம் 2002இல் மூடப்பட்டது.

இப்போது அந்த உப்புப் பாக்கெட்டுக்கு வருவோம். கழிவில் இருந்த சயனைடில் ஒரு பங்கு இரும்போடு கட்டுண்டு கிடந்தது. துத்தநாகமோ செம்போ பிடித்து வைத்திருந்த சயனைடைப் பாக்டீரியா பிடுங்கித் தின்றுவிடும். இரும்பு பிடித்ததை எளிதில் பிடுங்க முடியாது. அது நஞ்சாகாமல் இருப்பதற்கும் உணவாகாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றே. ஹோம்ஸ்டேக்கில் அதைத் தின்ன வைக்க யாரும் மெனக்கெடவில்லை. தட்டுகளின் வழுவழுப்பான படலத்தில் அது தானாக ஒட்டியது, கூடவே மற்ற உலோகங்களும் ஒட்டின. படலம் தடித்து உரிந்து விழுந்ததும் தெளிவுத் தொட்டியில் அடியில் தங்கவிட்டு, வண்டலோடு வண்டலாக அள்ளி எடுத்தார்கள்.